வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி (1886 - 1968)

அறிமுகம்

முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிக் கேட்டால் மாணவர் பலரும் இரண்டு விடயங்களை எழுதுவர். ஒன்று, சென்னைச் சட்டசபையின் முதலாவது பெண் உறுப்பினர் என்பது. மற்றையது, தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் என்பது. இவை இரண்டும் சரியான விடைகளே. எனினும் இவர் தமது வாழ்நாளின் பிற்பகுதியில் ஆற்றிய பெரும்பணி ஒன்று உண்டு. அதுவே சென்னை அடையாற்றில் 1954ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை ஆகும். புற்றுநோய் வந்தால் மரணந்தான் என்று பலரும் நம்பிய காலத்தில், அந்நோயாளருக்கென ஒரு தனி மருத்துவமனை ஏன் வேண்டும் என்று இவர் வாதாடினார். அவரது வாதம் ஏன் சரியானது என்பதை விளங்கிக்கொள்ள, புற்றுநோய்க் கலம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதையும் நாம் அறிய வேண்டும். இப்பாடத்தில் இவ்விரண்டையும் சேர்த்தே கற்போம்.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆம் திகதி, அக்காலத்தில் தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் உயர்பதவி வகித்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். அக்குலப் பெண்கள் சிலர் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட காலம் அது. அவ்வழக்கத்தின் கொடுமையை இளமையிலேயே அருகிலிருந்து அறிந்தவர் முத்துலட்சுமி.

பெண் பிள்ளைகள் பருவமடைந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்படுவது அன்றைய வழக்கம். ஆனால் முத்துலட்சுமி வீட்டிலிருந்தபடியே படித்து மெற்றிக்குலேசன் பரீட்சையிற் சித்தியடைந்தார். பின்னர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிற் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஆண்கள் மட்டும் கற்ற கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்றனர். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி வழங்கியதால் 1904இல் அங்கு சேர்ந்து கற்றார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அனுமதி பெற்று, 1912இல் சிறப்பான பெறுபேறுகளுடன் வைத்தியப் பட்டம் பெற்றார். 1914இல் வைத்தியர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், பிறருக்கு உதவும் பணிக்குத் தடை செய்யக் கூடாது என்பன திருமணத்திற்கு முன்பே இவர் விதித்த நிபந்தனைகள் ஆகும்.

பொதுவாழ்வு

1925இல் பெண்கள், சிறுவர் நோய்கள் பற்றிய மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். 1926இன் இறுதியில் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1927இல் அச்சபையின் துணைத் தலைவராகத் தெரிவானார். தேவதாசி முறைக்கு எதிராக அங்கே குரல் கொடுத்தார். அவர் தொடங்கி வைத்த முயற்சி, 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டமாக நிறைவேறியது. காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930இல் சட்டசபைப் பதவியைத் துறந்தார். 1930களின் தொடக்கத்தில், ஆதரவற்ற பெண்களுக்காக ஒளவை இல்லத்தை நிறுவினார்.

தங்கையின் மரணம்

இவரது தங்கை ஒருவர் இளவயதிலேயே புற்றுநோய்க்கு ஆளாகி இறந்தார். வீட்டில் ஒருவர் வைத்தியராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற இயலவில்லை. அந்த வேதனையே இவருக்குப் புற்றுநோயின் மீது கவனத்தை ஏற்படுத்தியது. சென்னையில் அக்காலத்தில் இந்நோய்க்கென்று தனியான மருத்துவமனை இருக்கவில்லை. நோயாளர் பொது வைத்தியசாலைக்குப் பெரும்பாலும் நோய் முற்றிய பின்னரே வந்தனர். சத்திரசிகிச்சை செய்தாலும் பலர் சில காலத்தில் இறந்தனர். இதைக் கண்ட மக்கள், சத்திரசிகிச்சையே நோயைக் கிளறிவிடுகிறது என்று அஞ்சினர். அஞ்சியவர்கள் மேலும் பிந்தியே வந்தனர். இவ்வாறு அச்சமும் தாமதமும் ஒன்றையொன்று வளர்த்தன.

சத்திரசிகிச்சை ஏன் சிலருக்குப் பலன் தரவில்லை?

விஞ்ஞான பாடத்தில் கலப்பிரிவு பற்றிக் கற்றிருப்பீர்கள். எமது உடலின் கலங்கள் தேவைக்கேற்பப் பிரிந்து பெருகும். காயம் ஆறியதும் பிரிவு நின்றுவிடும். ஆனால் புற்றுநோய்க் கலம் இக்கட்டுப்பாட்டை மீறியது. அது நிறுத்தமின்றிப் பெருகிக் கட்டியாகிறது. அதைவிட ஆபத்தான இயல்பு இன்னொன்று உண்டு. சாதாரண இழையமொன்றின் கலங்கள் அயற்கலங்களுடன் ஒட்டிக்கொண்டு தத்தம் இடத்தில் இருக்கும். புற்றுநோய்க் கலமோ ஒட்டுவிட்டுப் பிரிந்து, நிணநீர்க் கலன் அல்லது குருதிக் கலன் வழியாக வேறு அங்கத்திற்குச் செல்லக் கூடியது. சென்ற இடத்தில் அது மீண்டும் பெருகினால் இரண்டாம் நிலைக் கட்டி உண்டாகும். புற்றுநோயால் நேரும் மரணங்களிற் பெரும்பாலானவற்றுக்கு இப்பரவலே காரணமாகும்.

இதனை முதலில் தெளிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்ரீபன் பஜெற். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து, 1889இல் தமது முடிவை வெளியிட்டார். கட்டிகள் உடலெங்கும் ஒரே சீராகத் தோன்றவில்லை. ஈரல் போன்ற சில அங்கங்களில் அதிகமாகவும் வேறு சிலவற்றில் அரிதாகவும் காணப்பட்டன. எனவே புற்றுநோய்க் கலத்தை விதைக்கும், அது சென்று தங்கும் அங்கத்தை மண்ணுக்கும் அவர் ஒப்பிட்டார்.

சீனன்குடாவில் வாழும் மாணவருக்கு இதனை விளக்குவது எளிது. தம்பலகாமக் குடாவின் கரையோரக் கண்டல் மரங்களைப் பாருங்கள். மரத்தில் இருக்கும்போதே முளைவிட்ட நாற்று நீரில் விழுந்து அலையோடு மிதந்து செல்கிறது. எத்தனையோ நாற்றுக்கள் மணலிலும் பாறையிலும் ஒதுங்கி அழிகின்றன. ஏற்ற சேறு அகப்பட்ட நாற்று மட்டுமே வேரூன்றி மரமாகிறது. தாய் மரத்தை வேருடன் வெட்டினாலும் முன்னரே மிதந்து சென்ற நாற்று அழியாது. புற்றுநோய்க் கலத்தின் நடத்தையும் இத்தகையதே.

இப்போது சத்திரசிகிச்சையின் பலனை விளங்கிக்கொள்ளலாம். கலங்கள் பரவுவதற்கு முன் கட்டியை முழுமையாக அகற்றினால் நோயாளர் குணமடைய வாய்ப்பு அதிகம். கண்ணுக்குத் தெரியாத சில கலங்கள் ஏற்கெனவே வேறிடம் சேர்ந்திருந்தால், எத்துணைத் திறமையாக வெட்டினாலும் நோய் வேறோர் இடத்தில் தலைகாட்டும். தவறு கத்தியில் இல்லை, காலத்திலேயே உள்ளது.

அமெரிக்க நிபுணர் வில்லியம் ஹால்ஸ்ரெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மார்பகத்துடன் நெஞ்சுத் தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையைப் பரப்பினார். அதே இடத்தில் நோய் திரும்புவது இதனாற் குறைந்தது. ஆனாலும் தொலைவில் பரவிய நோயை அது தடுக்கவில்லை. பல தசாப்தங்களின் பின் பேர்னாட் பிஷர் என்ற அமெரிக்கர், 1976இல் தொடங்கி 1,800க்கு மேற்பட்ட பெண்களிடம் பரிசோதனை நடத்தினார். தொடக்க நிலை மார்பகப் புற்றுநோயில், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை அளித்தவர்களும் முழு மார்பகமும் அகற்றப்பட்டவர்களும் ஒரேயளவு காலம் உயிர்வாழ்ந்தனர் என்பது 1985இல் வெளியான பெறுபேறு. 20 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த பின்னரும் அம்முடிவு மாறவில்லை. பெரிதாக வெட்டுவது எப்போதும் சிறந்ததல்ல, ஏற்ற காலத்தில் ஏற்ற சிகிச்சைகளை இணைத்துச் செய்வதே சிறந்தது என்பது இதனால் உறுதியாயிற்று.

மருத்துவமனைக்கான போராட்டம்

பிஷரின் முடிவுகள் வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே முத்துலட்சுமி ரெட்டி செயலில் இறங்கிவிட்டார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அங்கு புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற தமது விருப்பத்தை வெளியிட்டார். பம்பாயில் ரற்றா நினைவு மருத்துவமனை 1941இல் திறக்கப்பட்டது. தென்னிந்திய ஏழை நோயாளருக்கோ பம்பாய் எட்டாத தூரம்.

அரசின் உதவியை நாடியபோது இவருக்கு ஊக்கம் தரும் பதில் கிடைக்கவில்லை. புற்றுநோயாளர் எப்படியும் இறக்கப் போகிறவர்கள். அவர்களுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமே அதிகாரத்தில் இருந்தோரிடம் காணப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இவ்வெண்ணம் நியாயம் போலத் தோன்றும். அக்கால நோயாளரிற் பலர் இறந்தது உண்மையே. ஆனால் அவர்கள் இறந்ததற்கு நோய் மட்டுமன்றி, நோயைப் பிந்திக் கண்டறிந்தமையும் காரணமாகும். முன்கூட்டிக் கண்டறியவும் இணைந்த சிகிச்சை அளிக்கவும் வசதி இல்லாத இடத்தில், நோயாளர் இறப்பதைக் காட்டி அவ்வசதியை மறுப்பது சரியாகுமா? முத்துலட்சுமியின் போராட்டம் இக்கேள்வியையே முன்வைத்தது.

அரசை மட்டும் நம்பியிராமல் மக்களிடம் சென்றார். 1917இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கத்தின் மூலம் 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி உருவாக்கப்பட்டது. இவரது மகன் கிருஷ்ணமூர்த்தியும் வைத்தியர். அவர் வெளிநாடு சென்று புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையிற் பயிற்சி பெற்றுத் திரும்பித் தாயின் முயற்சியிற் கைகோத்தார். 1952 ஒக்டோபரில் பிரதமர் ஜவகர்லால் நேரு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். 1954 யூன் 18ஆம் திகதி, 12 படுக்கைகளுடன் அது இயங்கத் தொடங்கியது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67. மறு ஆண்டு சாந்தா என்ற இளம் வைத்தியர் வந்து சேர்ந்தார். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் தமது வாழ்நாள் முழுவதையும் அந்நிறுவனத்திற்கே அளித்தனர்.

சிகிச்சையும் ஆராய்ச்சியும்

அடையாறு நிறுவனம் சத்திரசிகிச்சையை மட்டும் நம்பியிருக்கவில்லை. 1950களின் பிற்பகுதியிலேயே கோபாற்று-60 கதிர்ச்சிகிச்சை இயந்திரம் அங்கு நிறுவப்பட்டது. கோபாற்று-60 என்பது கோபாற்று மூலகத்தின் கதிர்த்தொழிற்பாடுள்ள ஒரு சமதானி. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 5.3 ஆண்டுகள். அது வெளிவிடும் காமாக் கதிர்கள் உடலின் ஆழத்தில் உள்ள கட்டியையும் சென்றடைந்து, கலங்களின் பரம்பரைப் பதார்த்தத்தைச் சிதைத்து அவை பெருகாமற் செய்யும்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாய்ப் புற்றுநோய் அதிகம். வெற்றிலையுடன் பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கம் இதற்கு முக்கிய காரணம். புகையிலை சேர்க்காமற் பாக்கு மட்டும் மென்றாலும் புற்றுநோய் உண்டாகலாம் என்பதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2003இல் உறுதிசெய்தது. கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் முற்றிய வாய்ப் புற்றுநோய்க்கு மருந்தையும் கதிர்ச்சிகிச்சையையும் இணைத்து அளிக்கும் ஆய்வுகளை மேற்கொண்டனர். ஒரு சிகிச்சையால் முடியாததை இரு சிகிச்சைகள் சேர்ந்து செய்யக்கூடும் என்பது அவ்வாய்வுகளின் அடிப்படை.

ஒரு சத்திரசிகிச்சை வெற்றியா தோல்வியா என்பதை நோயாளர் வீடு திரும்பும் நாளிற் கூற இயலாது. காயம் ஆறியிருக்கலாம், ஆனால் பரவிய கலங்கள் மறைந்திருக்கலாம். ஆகவே நோயாளரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அவதானிக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளின் பின் எத்தனை வீதமானோர் உயிருடன் இருக்கின்றனர் என்பதைக் கணித்தே சிகிச்சைகள் ஒப்பிடப்படுகின்றன. இக்கணிப்புக்கு ஒழுங்கான பதிவுகள் அவசியம். சென்னை நகர மக்களிடையே ஏற்படும் புற்றுநோய்களைப் பதிவுசெய்யும் பதிவகம் 1982இல் அடையாறு நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. எந்தப் புற்றுநோய் கூடுகிறது, எது குறைகிறது, எத்தனை பேர் பிழைக்கின்றனர் என்பவற்றை ஊகத்தால் அன்றி எண்ணிக்கையாற் கூற இத்தகைய பதிவுகள் வழிசெய்தன. புற்றுநோயாளர் எல்லோரும் இறப்பர் என்ற பழைய எண்ணத்திற்கு இதுவே தகுந்த மறுமொழி.

இறுதிக் காலமும் நினைவும்

1956இல் இந்திய அரசு முத்துலட்சுமி ரெட்டிக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968 யூலை 22ஆம் திகதி, தமது 82ஆவது பிறந்த நாளுக்குச் சில நாட்களே இருந்தபோது அவர் காலமானார். 12 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை வளர்ந்து, நூற்றுக்கணக்கான படுக்கைகளுடன் ஆராய்ச்சி நிலையமும் கல்லூரியும் கொண்டதாயிற்று. அப்பணியைத் தொடர்ந்த சாந்தா 2005இல் மக்சேசே விருதைப் பெற்று, 2021 சனவரியில் மறைந்தார். தமிழ்நாட்டில் ஏழைத் தாய்மாருக்கான மகப்பேற்று உதவித் திட்டம் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியுள்ளது.

மாணவர்களே, இவ்வாழ்க்கை வரலாறு உங்கள் வீட்டுக்கும் பயன்பட வேண்டும். எமது பகுதியில் வெற்றிலைத் தட்டம் இல்லாத வீடு குறைவு. அம்மம்மாவின் வாயிலோ அப்பாவின் வாயிலோ இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இருந்தால், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு தோன்றினால், வாயை முன்புபோலத் திறக்க இயலாதிருந்தால், கைமருந்து செய்து காலம் கடத்தாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோவு இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். தொடக்க நிலையில் பெரும்பாலும் நோவு இருப்பதில்லை. எல்லாப் புண்ணும் புற்றுநோய் அல்ல. ஆனால் எது புற்றுநோய் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். தமது தங்கைக்குக் கிடைக்காத அந்தக் காலத்தைப் பிறருக்குப் பெற்றுக் கொடுக்கவே முத்துலட்சுமி ரெட்டி உழைத்தார்.

நினைவிற் கொள்க

1886 - புதுக்கோட்டையிற் பிறப்பு
1904 - மகாராஜா கல்லூரியிற் சேர்தல்
1912 - வைத்தியப் பட்டம் பெறல்
1926 - சென்னைச் சட்டசபைக்கு நியமனம்
1930 - சட்டசபைப் பதவியைத் துறத்தல்
1947 - பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம்
1949 - புற்றுநோய் நிவாரண நிதி
1952 - மருத்துவமனைக்கு அடிக்கல்
1954 - அடையாறு மருத்துவமனை தொடக்கம்
1956 - பத்மபூஷண் விருது
1968 - மறைவு

அரும்பதங்கள்

கலம் - உடலின் மிகச் சிறிய உயிருள்ள அலகு
இழையம் - ஒரே தொழிலைச் செய்யும் கலங்களின் கூட்டம்
இரண்டாம் நிலைக் கட்டி - பரவிச் சென்ற கலங்களால் வேறோர் அங்கத்தில் உண்டாகும் கட்டி
அரைவாழ்வுக் காலம் - கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளின் அணுக்களிற் பாதி தேய எடுக்கும் காலம்

பயிற்சி வினாக்கள்

1. முத்துலட்சுமி ரெட்டி கல்லூரியிற் சேர்ந்தபோது எதிர்நோக்கிய தடை யாது? அது எவ்வாறு நீங்கியது?
2. சாதாரண கலத்திற்கும் புற்றுநோய்க் கலத்திற்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டைத் தருக.
3. பஜெற் கூறிய விதை, மண் ஒப்புமையைக் கண்டல் நாற்றைக் கொண்டு விளக்குக.
4. கட்டியை முழுமையாக அகற்றிய பின்னரும் சிலருக்கு நோய் திரும்புவது ஏன்?
5. புற்றுநோயாளருக்குத் தனி மருத்துவமனை தேவையில்லை என்ற கருத்து ஏன் பிழையானது? உமது சொந்த வசனங்களில் எழுதுக.
6. சிகிச்சையின் வெற்றியை அறிய நோயாளரைப் பல ஆண்டுகள் அவதானிக்க வேண்டியது ஏன்?

விடை எழுதும்போது கவனிக்க: முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்தார் என்று சில மாணவர் எழுதுவதுண்டு. அது பிழை. அவர் மருத்துவமனையை உருவாக்கினார். ஆராய்ச்சிகளை அங்கு பணியாற்றிய வைத்தியர்கள் மேற்கொண்டனர். 5ஆம் வினாவுக்கு விடை எழுதும்போது நோய், தாமதம், வசதியின்மை ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டுதல் அவசியம்.